பூட்டிய சேனலில் எட்டாவது ஆள்

6

இரும்புக் குழாயின் முதல் அடி அசோக்கின் வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் படிக்கட்டுச் சுவரில் பட்டு அவன் காதுக்கே திரும்பி வந்தது.

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் ஓர் அடுக்குமாடிக் கார்பார்க்கின் மாடிப்படி. சனிக்கிழமை வேலை முடிந்து, விடுதிக்குக் குறுக்குவழியாகப் போய்க்கொண்டிருந்தான் அசோக். எதிரே நின்றவன் முகம் முழுவதையும் மறைக்கும் மோட்டார்சைக்கிள் ஹெல்மெட் போட்டிருந்தான்.

"சிவப்பு ஸ்லிங் எங்கடா?"

அடுத்த அடி விலாவில் விழுந்தது. அதற்கடுத்தது தாடையில். வாய்க்குள் ஒரு பல் கழன்று உருண்டது.

"ரூம்மேட்கிட்ட பத்திரமா இருக்குன்னு எழுதத் தெரியுது, பேரைச் சொல்லத் தெரியாதா? ரூம்ல பன்னண்டு பேர் இருக்கீங்க. எவன்கிட்ட?"

அத்தனை வலியிலும் அசோக்குக்கு ஒன்று உறைத்தது. அந்த வரியை அவன் ஒரே இடத்தில்தான் எழுதியிருந்தான். கம்பெனியின் சாட் ஆப்பில், பெயருக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் போட்ட பிரைவேட் சேனலில்.

குழாய் மறுபடி உயர்ந்தது. பேர் வரவில்லை. ரத்தம்தான் வந்தது. கீழ்த்தளத்தில் ஒரு காரின் விளக்கு வெளிச்சம் படியேறி வரவும், ஹெல்மெட்காரன் அவனை உதைத்து உருட்டிவிட்டு ஓடினான்.

*

மறுநாள் காலை மருத்துவமனையில் அசோக்கின் தாடை கம்பியால் கட்டப்பட்டிருந்தது. வலது கை முழுக்க மாவுக்கட்டு. இடது கையில் வேலை செய்தவை இரண்டு விரல்கள். அந்த இரண்டு விரல்களால் அவன் போனில் தட்டியதைக் கட்டிலருகே நின்ற தாரணி படித்தாள்.

'சேனலைப் படிக்கிறாங்க.'

தாரணி பத்து வருடம் அலுவலக மென்பொருள்களைத் தணிக்கை செய்தவள். இப்போது அப்பர் டிக்சன் சாலையில் ஒரு மாடியறை எடுத்து, தனியார் துப்பறிவாளராக இருக்கிறாள். அவள் பின்னால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர் உதவியாளர் முபாரக் பாய். முன்பு டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவர். சிங்கப்பூரில் அவருக்குத் தெரியாத சந்தும் இல்லை, அவர் வாய்க்குப் பூட்டும் இல்லை.

"நோயாளிக்கு வாங்கின ஆரஞ்சு, பாய்."

"அவருக்கு வாய் கட்டியிருக்கே மேடம். பழம் வீணாப் போகலாமா?"

அவர்களை அமர்த்தியவர் வடகரை லிஃப்டிங் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி செல்வராஜ். அவர் கண்கள் சிவந்திருந்தன. "வெளிய சொல்லாத, சேனல்ல எழுது, அது பிரைவேட்டுன்னு நான்தான் இவன்கிட்ட சொன்னேன்" என்றார்.

நடந்தது இதுதான். ஸ்லிங் என்பது கிரேன் கொக்கிக்கும் பாரத்துக்கும் நடுவே கட்டும் தடித்த நெய்த பட்டை. அதன் நிறமே எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிடும். சிவப்பு என்றால் ஐந்து டன். ஓரம் கிழிந்ததும் அதைக் கழித்து, துண்டாக வெட்டி எறிந்துவிட வேண்டும். வடகரையில் ஸ்லிங்குகளைச் சோதித்துக் கழிப்பது அசோக்கின் வேலை. கழித்த ஒவ்வொன்றின் நுனியிலும், கொக்கி மாட்டும் காது மடிப்புக்குள், லைட்டரால் ஒரு சின்னப் பிறையைச் சுட்டுவிடுவான். பிறகு வெட்டி எறியச் சொல்லி ஸ்டோருக்கு அனுப்புவான்.

போன வாரம் வேறொரு கம்பெனியின் கட்டுமானத்தளத்தில் சிவப்பு ஸ்லிங் ஒன்று அறுந்தது. கான்கிரீட் பலகை விழுந்து ஒருவர் இடுப்புக்குக் கீழே நசுங்கி, ஆம்புலன்ஸ் வருமுன் செத்துப்போனார். அங்கே வேலை பார்த்த அசோக்கின் ரூம்மேட் ஒருவன், அறுந்த துண்டை எடுத்து அறைக்குக் கொண்டுவந்தான். புத்தம்புது டேக் தைத்த பட்டை. மடிப்பைப் பிரித்துப் பார்த்தான் அசோக். உள்ளே பிறை இருந்தது.

அதாவது, குப்பைக்குப் போக வேண்டியதை யாரோ புதிதென்று விற்கிறார்கள்.

"அந்த ரூம்மேட் யாரு?" என்று தாரணி கேட்டாள்.

அசோக் தலையை அசைத்தான். இரண்டு விரல்கள் நகர்ந்தன. 'சொல்ல மாட்டேன். யார் படிக்கிறான்னு முதல்ல கண்டுபிடிங்க. இல்லன்னா அவனைக் கொன்னுடுவாங்க.'

முபாரக் பாய் உரித்த ஆரஞ்சை அப்படியே கீழே வைத்தார்.

தாரணி அவன் போனை வாங்கிச் சேனலை மேலே மேலே தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தீபாவளி. ஷங்கர் என்ற பெயரில் செய்தி: 'எல்லாருக்கும் முறுக்கு கொண்டு வந்திருக்கேன், ஸ்டோருக்கு வாங்க.' அதன் கீழே அசோக்கின் பதில்: 'தேங்க்ஸ் அக்கா!'

"ஷங்கர் யாரு, செல்வராஜ் சார்?"

"ஸ்டோர் பையன். ஸ்டோர்ல இருக்கிறவங்க எப்பவும் இந்தச் சேனல்ல உண்டு."

முபாரக் பாய் எட்டிப் பார்த்தார். "மீசை வச்ச அக்காவா?"

*

அதே ஞாயிற்றுக்கிழமை, டெக்கா சந்தை. ஊரில் பாதிப் பேர் மட்டன் வாங்கவும், மீதிப் பேர் அவர்களை இடிக்கவும் வந்திருந்தார்கள். சந்தைக்குப் பக்கத்து உணவங்காடியில், தே தாரிக் டீக் கறை படிந்த மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள் மோகனப்பிரியா. வடகரையின் சாட் ஆப்பை நிர்வகிக்கும் அட்மின் அவள்தான். தாரணி கூப்பிட்டதும் செங்காங்கிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள்.

"நான் செட்டிங் எதையும் மாத்தலக்கா. பிரைவேட்னா பிரைவேட்தான்."

"நம்புறேன். பாய்க்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லிப் பாப்போம். சொல்லும்போதே ஓட்டை தெரியும்."

"அந்தப் பாய் நானா?" என்றார் முபாரக் பாய். "பரவால்ல, சொல்லுங்க. நான் முட்டாளா நடிக்கிறேன்."

தாரணி அவர் முன்னால் இருந்த மேசையைத் தட்டினாள். "பப்ளிக் சேனல்ங்கிறது இந்த மேசை மாதிரி. கம்பெனி ஆளு யார் வேணும்னாலும் வந்து உட்காரலாம், பேசுறதக் கேக்கலாம். பிரைவேட் சேனல் கதவு சாத்தின ரூம். உள்ள இருக்கிறவங்க யாராவது கூப்பிட்டாத்தான் நுழைய முடியும். கூப்பிடாதவங்களுக்கு அப்படி ஒரு ரூம் இருக்கிறதே தெரியாது. ஆனா உள்ள வந்துட்டா, வந்த நிமிஷத்துலேர்ந்து மட்டும் இல்ல, ரூம் கட்டின நாள்லேர்ந்து பேசின எல்லாத்தையும் படிக்கலாம்."

"அப்ப கதவுதான் முக்கியம்."

"ஆமா. வெளியாள் படிக்கணும்னா வழி மூணு. நடுவுல யாராவது பூட்டை எடுத்துச் சேனலைப் பப்ளிக்கா மாத்தியிருக்கணும். இல்ல, புதுசா ஒருத்தரைச் சேர்த்திருக்கணும். இல்ல, உள்ள இருக்கிறவங்களே வெளிய சொல்லியிருக்கணும்."

மோகனப்பிரியா அட்மின் பதிவைத் திருப்பிக் காட்டினாள். இந்த ஆப்பில் யார் எந்த செட்டிங்கை எப்போது தொட்டாலும் ஒரு வரி விழும். விழுந்த வரியை அட்மினாலும் அழிக்க முடியாது. "பாருங்க. ஆரம்பிச்ச அன்னைக்கே பிரைவேட். ஒரு தடவைகூடப் பப்ளிக் ஆகல. ஆரம்பத்துல ஏழு பேர். அதுக்கப்புறம் யாரையும் சேர்க்கல, யாரையும் நீக்கல. இப்பவும் ஏழு."

"ஷங்கர் கம்பெனிக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?"

"நாலு மாசம் இருக்கும்."

"சேனல் ஆரம்பிச்சு?"

"மூணு வரு..." மோகனப்பிரியாவின் வாய் பாதியில் நின்றது.

"யாரையும் சேர்க்காத ரூமுக்குள்ள, நாலு மாசம் முன்னாடி வந்தவர் எப்படி மூணு வருஷமா உட்கார்ந்திருக்காரு?"

மோகனப்பிரியா கையால் நெற்றியைத் தேய்த்தாள்.

"அது... புது ஆளுக்குப் புதுக் கணக்கு திறந்தா மாசாமாசம் சந்தா கட்டணும். போனவங்க கணக்கைச் சும்மா ஏன் வச்சிருக்கணும், அதையே பேரு மாத்திக் குடுன்னு பாஸ் சொல்லிட்டாருக்கா. அதனால ஒருத்தர் வேலையை விட்டா, அந்தக் கணக்குல பேரையும் படத்தையும் மாத்திடுவேன். சுசீலா அக்கா போனாங்க. அதை ஷங்கர்னு மாத்தினேன்."

தாரணி முன்னால் குனிந்தாள். ஒரு இயந்திரத்தின் மூடியைத் திறந்து பல்சக்கரத்தைப் பார்க்கிறவளின் மகிழ்ச்சி அவள் முகத்தில் வந்தது. "ஆப் ஆளைப் பாக்கிறதில்ல பாய், கணக்கைத்தான் பாக்குது. பேரை மாத்தினா, பழைய செய்திகளுக்கு மேல இருக்கிற பேரும் தானா மாறிடும். ஆனா மத்தவங்க கையால அடிச்சது மாறாது. அதனாலதான் முறுக்கு ஷங்கரோடது, நன்றி அக்காவுக்கு. கதவே திறக்காம, ரூம்ல இருந்த நாற்காலியில வேற ஆளை உட்கார வச்சிருக்காங்க."

"அப்ப படிக்கிறது ஷங்கர்!" முபாரக் பாய் எழுந்தார். "எங்க இருப்பான் அவன்?"

மோகனப்பிரியா தயங்கினாள். "ஞாயித்துக்கிழமைன்னா... பக்கத்துச் சந்தையில, காய்கறிக் கடையில."

*

ஷங்கர் முருங்கைக்காய்க் கட்டு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். முபாரக் பாய் "வடகரை ஷங்கரா?" என்று கேட்டதுதான் தாமதம், கட்டு அவர் முகத்தில் வந்து விழுந்தது. ஷங்கர் ஓடினான்.

ஓடுகிறவனுக்குச் சந்தை தெரிந்திருந்தது. ஈரத்தரையில் சறுக்காமல் மீன் கடைகளுக்குள் வளைந்தான். முபாரக் பாய்க்குத் தெரிந்தது சாலைகள் மட்டும்தான். இரண்டாவது திருப்பத்தில் வழுக்கி, ஐஸ் பெட்டியில் நெஞ்சு மோத விழுந்தார். எழுந்தவரின் மூக்கில் ஷங்கரின் முழங்கை இடித்தது. ரத்தம் ஐஸின்மேல் சொட்டியது. ஒரு கடைக்காரம்மா மீனைக் காப்பாற்றிப் பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

ஷங்கர் மீன் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தான். "கிட்ட வராதீங்க!"

தாரணி கிட்ட வந்தாள். பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் கூடையைக் கேடயம்போல் பிடித்து, கத்தியோடு சேர்த்து அவன் கையைத் தூணில் மோதினாள். கத்தி விழுந்தது. அவன் விரல்களைப் பின்னால் மடக்கி, முகம் பலகையில் அழுந்தும்வரை குனியவைத்தாள்.

"எலும்பு உடையுதுக்கா!"

"அசோக்குக்கு உடைஞ்சிடுச்சு. ஏன் ஓடின?"

"நீங்க மனிதவள அமைச்சு ஆளுங்க இல்லையா?" அவன் அழுதுவிட்டான். "பர்மிட்டுல ஒரு வேலைதான்கா பாக்கலாம். ஞாயித்துக்கிழமை இங்க நிக்கிறேன்னு தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிடுவாங்க!"

"சேனல்ல அசோக் எழுதினதை யாருக்குச் சொன்ன?"

"சேனலா? நான் அதைத் தொறக்கிறதே இல்ல. எனக்குப் புதுசா எதுவுமே வராதுக்கா. வர்றப்பவே எல்லாம் ஏற்கெனவே படிச்ச மாதிரி மங்கலா இருக்கும். அதுல என்னத்தப் பாக்கிறது?"

"நல்ல கதை லா" என்றார் முபாரக் பாய், மூக்கைப் பொத்திக்கொண்டு. "என் மூக்கும் ஏற்கெனவே உடைஞ்ச மாதிரிதான் இருந்துச்சா?" அவன் போனைப் பிடுங்கினார், அணைத்தார், சட்டைப் பையில் போட்டார். "இனி இந்த நாற்காலி காலி."

மேசைக்கு அவனை இழுத்து வந்தபோது மோகனப்பிரியா நிம்மதியாகச் சிரித்தாள். "பிடிச்சிட்டீங்களா? இங்கயும் நல்ல சேதிக்கா. ரூம்மேட்டே எனக்குப் போன் பண்ணிட்டான். ஸைஃப்னு பேரு. எனக்கு ஏதாவது ஆனா இந்த நம்பருக்குக் கூப்பிடுன்னு அசோக் சொல்லி வச்சிருந்தானாம். ஸ்லிங்கை எடுத்துக்கிட்டுச் சுங்கை காடுட் ஸ்டோர் வாசலுக்கு வரான். செல்வராஜ் சார் அங்கேர்ந்து போலீசுக்குக் கூட்டிட்டுப் போவாரு. வாயால சொன்னா பத்தாது, சேனல்ல போட்டாத்தான் கணக்குன்னு பாஸோட ரூல். அதனால இப்பத்தான் போட்டுட்டேன்."

தாரணி திரையைத் தன் பக்கம் திருப்பினாள். 'ஸைஃப் ஸ்லிங்குடன் சுங்கை காடுட் ஸ்டோருக்கு வருகிறார். ஆறு மணி.' அதன் கீழே சின்ன எழுத்தில், யார் யார் படித்தார்கள் என்று ஆப் காட்டும் வரி.

பார்த்தவர்கள்: சுந்தரம், செல்வராஜ், ஷங்கர்.

"சுந்தரம்?"

"எங்க பாஸ்."

"ஷங்கர்?"

மூவரும் ஷங்கரைப் பார்த்தார்கள். அவன் கைகள் இரண்டும் முபாரக் பாயின் பிடியில் இருந்தன. முபாரக் பாய் மெல்லத் தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். திரை கறுப்பாக இருந்தது. அணைத்தது அணைத்தபடி.

"மேடம்... இந்த போன் தூங்குது. அப்ப படிச்சது யாரு?"

"இவன் பொய் சொல்லல." தாரணியின் குரல் இறுகியது. "எல்லாம் ஏற்கெனவே படிச்ச மாதிரி வருதுன்னான். ஏன்னா வேற ஒருத்தர் இவனுக்கு முன்னாடியே படிக்கிறாங்க. ஒரு கணக்குல எத்தனை போன் வேணும்னாலும் இருக்கலாம். ஒண்ணுல படிச்சா எல்லாத்துலயும் படிச்சதாகிடும். பிரியா, சுசீலா போறப்ப கம்பெனி போனைத் திருப்பிக் குடுத்தாங்களா?"

"அது அவங்க சொந்த போன்கா. சிம் மட்டும்தான் எங்களோடது. அதை வாங்கிட்டேன்."

"பாஸ்வேர்டு?"

"அதையே... ஷங்கருக்குக் குடுத்தேன்." மோகனப்பிரியா வெளுத்துப் போனாள். "பேரை மாத்தினேன், படத்தை மாத்தினேன். அவங்க போன்லேர்ந்து வெளியேத்தல."

"பூட்டு நல்லாத்தான் இருக்கு. வீட்டை விட்டுப் போனவங்ககிட்ட சாவி. சுசீலா என்ன வேலை பாத்தாங்க?"

"ஸ்டோர். கழிச்ச ஸ்லிங்கை வெட்டி எறியறது அவங்கதான். அவங்க தம்பி தங்கராஜுவோட பழைய இரும்பு லாரியிலதான் அதெல்லாம் போகும்."

முபாரக் பாய் அதற்குள் கார் சாவியை எடுத்திருந்தார்.

*

ஸைஃப்பின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பேருந்தில் தூங்கியிருக்கலாம். தாரணி காரிலிருந்து போலீசுக்கும் செல்வராஜுக்கும் எல்லாவற்றையும், தன் திட்டத்தையும் சொல்லி முடித்து, மோகனப்பிரியாவை அழைத்தாள். அவள் ஷங்கரோடு டெக்காவிலேயே லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அந்தக் கணக்கை வெளியேத்திடவா? ஒரே பட்டன்தான்."

"தொடாதீங்க! வெளியேத்தினா அவங்களுக்குத் தெரிஞ்சிடும். நேரா ஸைஃப்கிட்டதான் போவாங்க. அவங்க நம்ம பேச்சை நம்புறாங்க இல்ல? அந்த நம்பிக்கைதான் இப்ப நம்ம கையில இருக்கிற ஒரே கயிறு. நான் சொல்றத அடிங்க."

சேனலில் புதிய வரி விழுந்தது. 'இடம் மாற்றம். ஸைஃப் ஸ்டோருக்கு வரவில்லை. உட்லண்ட்ஸ் கார்பார்க் மேல்தளத்தில் ஸ்லிங்கைத் தருகிறார்.' எந்தக் கார்பார்க் என்பதை முபாரக் பாய் சொன்னார். ஏறவும் இறங்கவும் ஒரே வழிதான் உள்ளது என்று டாக்சிக்காரரின் மூளையில் பதிவாகியிருந்தது.

மோகனப்பிரியா மூச்சைப் பிடித்திருந்தது போனிலேயே கேட்டது. "பார்த்தவர்கள்... ஷங்கர்! படிச்சிட்டாங்க!"

"இனிமே ஸைஃப் செல்வராஜ் சார் பொறுப்பு" என்றாள் தாரணி. "குழாய்க்காரன் நம்ம பொறுப்பு."

முபாரக் பாய் மிதித்தார். "மேடம், ஒரு சந்தேகம். போலீசு நமக்கு முன்னாடி வருமா, பின்னாடி வருமா?"

"தெரியாது."

"டாக்சியில இருந்தப்ப மீட்டராவது ஓடும்."

மேல்தளத்தில் வெயில் சாய்ந்திருந்தது. கடற்பாலம் பக்கமிருந்து லாரிகளின் உறுமல் வந்தது. தளத்தில் சில வண்டிகள்; மூலையில் தார்ப்பாய் போட்ட லாரி ஒன்று. இருவரும் லிப்ட் சுவரோரம் பதுங்கினார்கள். முபாரக் பாய் தன் காரில் எப்போதும் வைத்திருக்கும் இழுவைக் கயிற்றைக் கொண்டுவந்திருந்தார். அதன் நுனியில் உள்ளங்கை அளவு இரும்புக் கொக்கி. தாரணி அதைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"லாரியில ஆள் இருக்கா?"

"தெரியல. கேட்டுப் பாப்போம்." அவள் போனில் கிசுகிசுத்தாள். "பிரியா, சேனல்ல ஏதாவது போடுங்க. எதுவா இருந்தாலும் சரி."

சுசீலா மற்றச் சேனல்களை ஊமையாக்கியிருக்கலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் சத்தம் வைத்திருப்பாள் என்று தாரணி கணக்குப் போட்டாள். ஒற்றுக் கேட்கிறவர் காதை மூடிக்கொள்ள மாட்டார்.

இருவரும் லாரியையே பார்த்தார்கள்.

டிங்!

சத்தம் லாரியிலிருந்து வரவில்லை. அவர்கள் முதுகுக்குப் பின்னால், படிக்கட்டிலிருந்து வந்தது.

தாரணி திரும்புமுன் குழாய் வீசப்பட்டது. முபாரக் பாய் அவளைத் தள்ளிவிட்டு அந்த அடியைத் தன் தோளில் வாங்கினார். தோள் கீழே தொங்கியது. அதே ஹெல்மெட். குழாயில் துடைக்காத பழுப்புக் கறை. அவனுக்குப் பின்னால், கையில் போனோடு, சந்தைக்குப் போகிறவள்போல் காட்டன் புடவையில் ஒரு பெண்.

"தங்கராஜு, பொம்பளைகிட்ட ஸ்லிங் இருக்கா பாரு!"

தங்கராஜு தாரணியின் தலையைக் குறிவைத்தான். அவள் குனிந்தாள். குழாய் சுவரில் பட்டுப் பொறி பறந்தது. கயிற்றை ஒரு சுற்றுச் சுழற்றி விட்டாள். இரும்புக் கொக்கி அவன் முழங்கால் சில்லில் நேராக அடித்தது. அவன் ஒற்றைக்காலில் ஆடியபடி மறுபடி வீசினான். குழாய் நுனி அவள் புருவத்தைக் கிழித்தது. ஒரு கண்ணை ரத்தம் மறைத்தது. மறு கண்ணால் பார்த்து, கயிற்றை அவன் கணுக்காலில் சுற்றி இழுத்தாள். அவன் மல்லாக்க விழுந்தான். ஹெல்மெட் தரையில் மோதி வெடித்தது. குழாயைத் தேடி நீண்ட அவன் கையின்மேல் முபாரக் பாய் தன் முழு எடையோடு உட்கார்ந்தார்.

"அசையாத லா! தொண்ணூறு கிலோ. ஐஞ்சு டன் இல்ல, ஆனா உனக்கு இது போதும்."

சுசீலா ஓடவில்லை. போனைத்தான் அழுத்திக்கொண்டிருந்தாள். தாரணிக்குப் புரிந்துவிட்டது. கணக்கிலிருந்து வெளியேறுகிறாள்! வெளியேறிவிட்டால் அது வெறும் போன். பாய்ந்து, அவள் முடியையும் மணிக்கட்டையும் ஒன்றாகப் பிடித்து, சுவரில் சாய்த்தாள். சுசீலா அவள் கையைக் கடித்தாள். தாரணி விடவில்லை. பல் பதிந்த இடத்திலிருந்து ரத்தம் வழிய, கட்டைவிரலைத் திருகிப் போனைப் பிடுங்கினாள்.

திரையில் ஒரு கேள்வி நின்றது: 'நிச்சயமாக வெளியேற வேண்டுமா?'

தாரணி 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். சேனல் திறந்தது. மேலே பூட்டுப் படம். பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஷங்கரின் படம்.

"அது என் ரூம்டி!" சுசீலா மூச்சிரைத்தாள். "அந்தச் சேனலை ஆரம்பிச்சதே நான். யாராச்சும் என்னைப் போகச் சொன்னாங்களா?"

"சொல்லல. தப்புதான்" என்றாள் தாரணி. "அதுக்காக ஒரு ஆள் நசுங்கணுமா?"

சரிவுப் பாதையில் சைரன் ஏறி வந்தது.

முபாரக் பாய் தொங்கும் தோளைப் பார்த்துக்கொண்டார். "பின்னாடிதான் வருது மேடம். நான் அப்பவே கேட்டேன்."

*

தாரணிக்குப் புருவத்தில் தையல் போட்டார்கள். போலீஸ் அந்தப் போனைத் திறந்தபடியே படமெடுத்துப் பத்திரப்படுத்திய பிறகு, மோகனப்பிரியா டெக்காவிலிருந்தே அந்தப் பட்டனை அழுத்தினாள்: எல்லாப் போன்களிலிருந்தும் வெளியேற்று. பிறகு அந்தக் கணக்கையே சேனலிலிருந்து நீக்கினாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக உறுப்பினர் எண்ணிக்கை மாறியது. ஏழு ஆறானது.

மருத்துவமனையில் அசோக் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். தாரணியும், கை தூளியில் கிடக்க முபாரக் பாயும் உள்ளே வந்ததும், இரண்டு விரல்கள் அவசரமாகச் சேனலில் தட்டின.

'ஸைஃப்?'

செல்வராஜிடமிருந்து பதில் இல்லை. தாரணி தன் போனை எடுத்தாள். அதற்குள் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. யாராவது முறையாகக் கதவு வழியாக உள்ளே வந்தால் மட்டும் வரும் வரி அது.

மோகனப்பிரியா, ஸைஃப்பை இந்தச் சேனலில் சேர்த்தார்.

அடுத்து ஒரு படம். போலீஸ் நிலைய மேசையின்மேல் சிவப்புப் பட்டை. பக்கத்தில், தூக்கம் கலையாத கண்களோடு ஓர் இளைஞன்.

அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.

"என்ன பண்றான்?" என்றார் முபாரக் பாய். "சேர்த்தாச்சு, ஒரு ஹலோ சொல்லக்கூடாதா?"

"படிக்கிறான் பாய். உள்ள வந்தவங்க ஆரம்பத்துலேர்ந்து படிக்கலாம்னு சொன்னேன் இல்ல?" தாரணி தணிந்த குரலில் சொன்னாள். "காலையில செல்வராஜ் சார் போட்ட செய்தியும் அதுல இருக்கு. கை போச்சு, தாடை போச்சு, அப்பவும் அசோக் பேரைச் சொல்லலன்னு."

அசோக்கின் கையில் போன் அதிர்ந்தது.

'டேய். என் பேரைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?'

கம்பி கட்டிய தாடைக்குள் அசோக் சிரிக்க முயன்றான். வலித்தது, கண்ணில் நீர் வந்தது. இரண்டு விரல்களால், ஒவ்வோர் எழுத்தாக அடித்தான்.

'பல்லு விழுந்துடுச்சு. சொல்ல வரல.'

முபாரக் பாய் அவன் தோள்மேலாகக் குனிந்து, செய்தியின் கீழே வரிசையாக முளைத்த பெயர்களை வாய்விட்டு எண்ணினார். சுந்தரம், மோகனப்பிரியா, செல்வராஜ், இரண்டு லாரி டிரைவர்கள், ஸைஃப். அசோக்கோடு ஏழு.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு பெயர் எதுவும் வரவில்லை. பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலையில் உரித்து வைத்த ஆரஞ்சை ஒற்றைக் கையால் தேடினார்.